கரடி எடுத்த வாக்காளர் பட்டியல்

மலையடிக் காட்டுக்கென்று புதிதாக ஒரு மன்றம் அமைத்து, முதல் தேர்தலையும் அறிவித்தார்கள். வாக்காளர் பட்டியல் எடுக்கும் வேலை கரடிக்கு வந்தது. அது புற்று புற்றாக ஏறி இறங்கி, ஒரே வாரத்தில் பட்டியலை மருதமரத்தில் ஒட்டிவிட்டது.

ஒரு கறையான் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருந்த கரடியிடம் கேட்டது.

"ஐயா, கிழக்குப் புத்துல ஆயிரம் பேர் இருந்தோம். இதுல ஒருத்தர் பேரையும் காணோமே?"

"எல்லார் பேரையும் எழுதினேனே," என்றது கரடி. "இறந்தவங்க பேரை நீக்கணும்னு விதி. நீக்கிட்டேன்." மூக்கில் ஒட்டியிருந்த புற்றுமண்ணை நக்கிக்கொண்டே பேனாவை எடுத்தது. "விடுபட்டவங்க யாராவது இருந்தா சொல்லு. நாளைக்கு நானே வீட்டுக்கு வந்து சேர்த்துக்கிறேன்."

கறையான் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"யாரும் விடுபடலைங்க," என்றது. "பட்டியல் சரியாத்தான் இருக்கு."