நான்காம் பத்தி

சீட்டு வெள்ளையாக இருந்தது.

கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புழு பத்திரமாக இருந்தது. கூடவே, பதப்படுத்தும் சாராயத்தில் ஊறிய சீட்டில் ஓர் எழுத்துகூட இல்லை.

பென்சிலில் எழுது, பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். பதினோரு வருடமாக விலங்கியல் மாணவர்களைத் திட்டித் திட்டி அவன் நடத்தும் பாடம்.

புழுவைக் குப்பியில் போட்ட அன்று சட்டைப்பையில் பேனாதான் இருந்தது. நல்ல பேனா.

மூன்று மாதம் அந்தப் புழுவின் தலையிலுள்ள முட்களை எண்ணியிருக்கிறான். பதினாறு வரிசை. இதுவரை யாரும் எழுதிவைக்காத புழு. இருப்பதும் ஒன்றே ஒன்று.

நீர்க்காகத்தின் குடலிலிருந்து எடுத்தது. அது நினைவிருக்கிறது. எந்த ஏரி? எந்த நாள்? எந்த மீன் வழியாகப் பறவைக்குள் போனது?

குறிப்பேடு என்பது சாதாரண மூளைக்காரர்களுக்கு. அது அவன் கொள்கை.

ஊர் தெரியாத புழுவை எந்த ஆய்விதழும் ஏற்காது. ஏதாவது ஓர் ஏரியின் பெயரைப் போட்டுவிடலாம். புழு காட்டிக்கொடுக்காது.

கை வரவில்லை.

கதவு படாரென்று திறந்தது. தாவரவியல் மங்கையர்க்கரசி. இரண்டு துறைக்கும் ஒரே ஃபிரிட்ஜ். அதில் அவன் வைக்கும் செத்த பிராணிகளால் ஆறு வருடச் சண்டை.

"என் புகாருக்கு இன்னைக்குள்ள பதில் தரணும்னு பிரின்சிபால் சொன்னாரா இல்லையா?"

பதில் தயாராகத்தான் இருந்தது. 'அனைத்தும் பொய்.' ஒப்புக்கொண்டால் இந்த ஆய்வறையைக் காலி செய்ய வேண்டும். புகாரில் அவன் படித்தது முதல் பத்தி மட்டும். அதற்கே ரத்தம் கொதித்துவிட்டது.

"புகார் எழுதுற நேரத்துக்கு ரெண்டு செடிக்குத் தண்ணி ஊத்தலாம் மேடம். அத்தனையும் பொய்."

"பொய்யா? பிணவறையில சோறு வெச்சுச் சாப்பிடறது நான். தேதி, கிழமை, பையில கட்டியிருந்த சீட்டு, எல்லாம் பார்த்துத்தான் சார் எழுதியிருக்கேன்."

சீட்டு என்றதும் அவன் நிமிர்ந்தான். காகிதக் குவியலுக்கு அடியிலிருந்து புகாரை உருவினான்.

நான்காம் பத்தி.

'மார்ச் 14, வெள்ளிக்கிழமை. மஞ்சள் பை. உள்ளே செத்த நீர்க்காகம். சீட்டில் வெண்ணாங்குடி ஏரி என்று எழுதியிருந்தது. என் தயிர்சாதத்தின் மேல் வைக்கப்பட்டிருந்தது.'

இந்த வருடம் அவனிடம் வந்தது ஒரே ஒரு நீர்க்காகம்தான்.

இரண்டு முறை படித்தான். தயிர்சாதம் வரைக்கும்.

தன் பதிலை அடித்துவிட்டு எழுதினான்: 'அனைத்தும் உண்மை. குறிப்பாக நான்காம் பத்தி.' கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"என் புழுவுக்கு ஊர் கிடைச்சிடுச்சு மேடம்."

சண்டைக்கு வந்தவள் காகிதத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சீட்டோடு இருந்த குப்பியைப் பார்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

போகவில்லை.

"அதுல ஒண்ணு விட்டுட்டேன் சார்." குரல் இறங்கியிருந்தது. "பையைத் திறந்தேன். அந்தப் பறவை வாயில ஒரு கெண்டைக் குஞ்சு. பாதி உள்ள, பாதி வெளியில. பார்க்கச் சகிக்கல. மீனை எடுத்து, செடித் தொட்டியில புதைச்சிட்டேன்."

அவன் மேசை முழுக்கப் பென்சிலைத் தேடினான்.

"எந்தத் தொட்டி மேடம்?"