டீச்சரம்மாவுக்கு மட்டும்

"எனக்கு ரெண்டே நிமிஷம். அந்த டீச்சரம்மா உள்ளே போய் முக்கால் மணி நேரமாச்சு!" டாக்டர் அறைக்கு வெளியே தையல்காரி கணவனிடம் பொருமினாள்.

அவளுக்கும் டீச்சருக்கும் மார்பில் கட்டி. போன வாரம் ஒரே நாளில்தான் இருவருக்கும் ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அதான் உனக்குச் சொல்லிட்டாரே, கிளம்பு."

"என்னத்தைச் சொன்னார்? கட்டி கரையுமா, ஆபரேஷன் வேணுமா, நம்ம பொண்ணுக்கும் வருமான்னு அளவு நோட்டுல பன்னெண்டு கேள்வி எழுதிட்டுப் போனேன். ஒண்ணைக்கூடக் கேட்கவிடலை. படிச்சவங்கன்னா உட்காரவெச்சுப் பேசுவார், நாமன்னா இளப்பம். அவங்க வரட்டும், கேட்டுட்டுத்தான் வருவேன்."

கதவு திறந்தது. டாக்டரே வாசல்வரை வந்து டீச்சரை அனுப்பிவைத்தார். தையல்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

டீச்சர் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கையில் டாக்டர் படம் வரைந்து விளக்கிய தாள்.

"உங்க கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டாரா?" தையல்காரியின் குரலில் காரம் ஏறியிருந்தது.

"சொன்னார். எத்தனை தடவை மருந்து ஏத்தணும், முடி எப்போ கொட்டும், எல்லாம் பொறுமையா சொன்னார். உங்ககிட்ட?"

"புற்று இல்லை, வீட்டுக்குப் போங்கன்னார். அவ்வளவுதான்!"

டீச்சர் அவளையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

"கொடுத்துவெச்சவங்க நீங்க. அந்த ஒரு வார்த்தையை எனக்கும் சொல்லிட மாட்டாரான்னுதான், கேள்வியை மாத்தி மாத்திக் கேட்டுட்டே இருந்தேன்."