அழிந்த கையெழுத்து

"படத்து மூலையில இருந்த கையெழுத்து எங்கேடா?" தோஹாவில் ஓர் அரபி வீட்டு டிரைவர் சுஐபு பதறினார்.

"கண்ணாடி துடைக்கிற மருந்தைப் போட்டுத் துடைச்சேன் பாய், துணியோட வந்துருச்சு," என்றான் முனியசாமி. அந்த வீட்டில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"இருநூறு வருஷத்துப் படம்டா! பெரிய ஓவியரோட கையெழுத்து! கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, பெட்டியைக் கட்டு."

மறுநாள் அரபி வரவழைத்த நிபுணர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டு அரபி சிரித்தபடியே முனியசாமியின் கையைக் குலுக்கினார்.

"நீ அழிச்சது கள்ளக் கையெழுத்தாம்," என்றார் சுஐபு. "அதுக்கு அடியில வரைஞ்சவங்க பேரே இருக்கு. ஒரு பொம்பளை! பொம்பளை வரைஞ்சதுன்னா விலை போகாதுன்னு, அவங்க வாத்தியார் பேரைப் போட்டு வித்திருக்கானுங்க. இப்ப அவங்க படத்துக்குத்தான் அடிபிடியாம்."

முனியசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாய், மத்த படங்களையும் துடைச்சுப் பார்த்துரட்டுமா?"