தொண்ணூத்தெட்டு

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே நின்று ஆனந்தராஜ் அக்காவைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

"அழாதக்கா. மிஷின்ல ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு காட்டுது பாரு. அம்மா நல்லாத்தான் தூங்கிக்கினு இருக்காங்க."

அக்கா அம்சா அம்மாவின் கையைத் தொட்டாள். "சில்லுன்னு இருக்குடா!"

ஓடிவந்த டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உயிர் போய் வெகுநேரமாகியிருந்தது. விரலில் மாட்டிய கிளிப்பின் ஒயர் மிஷினிலிருந்து கழன்று தொங்கியது.

அம்சா நர்ஸ் ஆரோக்கியசெல்வியின் மேல் பாய்ந்தாள். "நீ என்னத்தடி பார்த்துக்கினு இருந்த?"

"வந்து வந்து பார்த்தேங்க்கா. தொண்ணூத்தெட்டுதான் காட்டிச்சு. ஒயர் கழண்டா நம்பரே வரக்கூடாதுக்கா!"

அவள் கதறக் கதற, டாக்டர் அவளை அப்போதே வேலையை விட்டுப் போகச் சொன்னார். ஆனந்தராஜ் மிஷினில் ஒட்டியிருந்த கம்பெனிப் பேரைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன வருஷம் திண்டிவனத்து வீட்டில் உட்கார்ந்து இந்த மிஷினுக்கு, கிளிப்பின் சென்சார் அனுப்பும் அளவை வாங்கித் திரையில் காட்டும் டிரைவர் சாஃப்ட்வேர் எழுதியவன் அவன்தான். ஆக்சிஜன் அளவுக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்கவில்லை என்று கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப எச்சரித்தது. சென்சார் பேசாமல் போனால் என்ன செய்வது என்று யோசிக்க அவனுக்குப் பொறுமையில்லை. எச்சரிக்கை ஒழிந்தால் போதுமென்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டான். சென்சாரிலிருந்து அளவு வராதபோதெல்லாம் மிஷின் அந்த எண்ணையே காட்டும்.

போடுவதுதான் போடுகிறோம், நல்ல எண்ணாக இருக்கட்டுமே என்று தொண்ணூத்தெட்டைப் போட்டிருந்தான்.