மணி அடிக்காத பந்தி

"முத்தலிப் நானா, சட்டியளை மூடட்டாம்! மத்தியானம் ஒருத்தருக்கும் புரியாணி இல்லையாம். ரெக்டர் சுவாமி சொல்லிப்போட்டார்!"

கத்தோலிக்கப் போர்டிங் பள்ளிக்கூடத்துக் குசினி வாசலில் நின்று மூச்சு வாங்கினான் யோகராசா. முத்தலிப்போடு ஆறு வருசமாய் அடுப்படியில் வேகிறவன் அவன்.

சமையல்காரர் முத்தலிப்பின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "என்ன கதை கதைக்கிறாய்? இண்டைக்குத் திருநாள். தொண்ணூறு பிள்ளையள் விடியத் தொட்டு மணம் பிடிச்சுக்கொண்டு திரியுதுகள்!"

"பிள்ளையளுக்குப் பாணும் சம்பலுமாம். சட்டியளை ஆறவிடாமல் தணல்ல வைக்கட்டாம்."

"ஆருக்காம்?"

"அதைச் சொல்லேல்லை. கேக்கவும் பயம்."

பயப்படத்தான் வேண்டும். சந்தியாப்பிள்ளை சுவாமி மட்டக்களப்பிலிருந்து புது ரெக்டராக வந்து மூன்று மாதம்தான். அதற்குள் பிந்தி எழும்பிய பெடியன்களுக்கும் பிந்தி வந்த வாத்திமாருக்கும் ஒரே ஏச்சு!

அதிலும் இந்த ஞானப்பிரகாசியார் திருநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரெக்டர் முதல் கேற்றுக் காவல்காரன்வரை அன்றைக்கு எல்லாரும் ஒரே பந்தி. ஆள் குறையாமல் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் ரெக்டர் மணி அடிப்பார். மணி அடித்தால்தான் சோற்றில் கை வைக்கலாம். போன வருசம் முத்தலிப், "அடுப்படியில வேலை கிடக்கு" என்று நைசாக நழுவிவிட்டார். பழைய ரெக்டர் வயதானவர், கவனிக்கவில்லை.

"என்ட பிழைதான் யோகராசா," என்று முத்தலிப் மரக்குற்றியில் உட்கார்ந்தார். "காலம்பற சுவாமி இங்க வந்தவர். நான் அரிசிச் சாக்கில சாய்ஞ்சு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன்."

"ஐயோ! பிறகு?"

"உடம்புக்கு ஏலாதோ எண்டு கேட்டார். இல்லையெண்டன். ஒரு தேத்தண்ணி குடியுங்க எண்டார். வேணாமெண்டன். உப்புப் பாத்தீங்களோ எண்டார். இல்ல சுவாமி, கைக்கணக்குத்தான், வாயில வைக்கல்ல எண்டன். என்னை ஒரு பார்வை பாத்தார். விறுவிறெண்டு வெளியில போயிட்டார்."

யோகராசா தலையில் கை வைத்தான். "பாத்தனான் எண்டு ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமே நானா!"

"அது மட்டும் ஏலாது," என்றார் முத்தலிப். உதடு காய்ந்து போயிருந்தது.

பதினொரு வருசம்! பெருமாரியில் வள்ளம் கடலோடு போய், கையை விரித்துக்கொண்டு நின்ற காலத்தில் பழைய ரெக்டர்தான் கூப்பிட்டார். "ஆட்டை உங்கட முறைப்படி நீங்களே அறுங்க, பிள்ளையளுக்குச் சமைச்சுப் போடுங்க" என்று குசினித் திறப்பை, அந்தச் சாவியை, அவர் கையில் வைத்தார். கிண்ணியாவில் அவர் மனைவி றம்லாவும் மூன்று பிள்ளைகளும் இந்த அடுப்பால்தான் பிழைத்தார்கள். அந்த நன்றிக்குத்தான், இந்தக் கச்சான் காற்றின் அனலுக்குள்ளும் விடியமுன் எழும்பி, மூன்று ஆடு அறுத்து, புரியாணி போட்டார். இப்போது அது மூடிக் கிடந்தது.

மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரே முணுமுணுப்பு. ஒருவன் பாண் ரொட்டித் துண்டை மூக்கருகே பிடித்து, "நான் புரியாணி மணத்தைத் தொட்டுத் தின்னுறன்" என்றான். சிரிப்பு எழும்பியது. பிறகு ரெக்டரின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று குசினிக்கு விளங்கவில்லை. திடீரென்று தொண்ணூறு பேரும் கை தட்டினார்கள்.

"கேட்டியா?" என்றார் முத்தலிப். "புதுச் சமையல்காரன் வாறான் எண்டு சொல்லியிருப்பார்."

"அதுக்கு ஏன் நானா கை தட்டுறாங்கள்? உங்கட கறிக்குச் சண்டை பிடிக்கிற பெடியள்!"

"புதுசெண்டா ஆருக்கும் ஆசைதானே."

பின்னேரம் அவர் இரண்டு சாரத்தையும் தொழுகைப் பாயையும் பையில் வைத்தார். யோகராசா கண்ணைத் துடைத்தான்.

"எனக்குக் கோவமில்லை. சோறு போட்ட இடம், நல்லா இருக்கட்டும். திறப்பைச் சுவாமியிட்டக் குடுத்து, ஒரு நன்றி சொல்லிட்டு வெளிக்கிடுறன்."

அவரை ஆறுதல் படுத்தவும் யோகராசாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. சட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி மண்டபத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. பொழுது சாயும் நேரம் அவன் ஓடி வந்தான்.

"நானா, சுவாமி கூப்பிடுறார். உடன வரட்டாம்!"

ஒரு கையில் பை, மறு கையில் திறப்பு. முத்தலிப் மண்டபத்துக்குள் காலை வைத்தார்.

தொண்ணூறு பிள்ளைகளும், வாத்திமாரும், கேற்றுக் காவல்காரனும் ஒரே பந்தியில் இருந்தார்கள். எல்லார் தட்டிலும் புரியாணி ஆவி பறந்தது. ஒருவர் கையும் அதில் படவில்லை. ரெக்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாய் இருந்தது.

"சுவாமி, இந்தத் திறப்பு..."

"அது உங்களிட்டயே இருக்கட்டும். முதல்ல இதில இருங்க," என்று சுவாமி கதிரையை இழுத்து வைத்தார். "பந்தியில ஒருத்தர் குறைஞ்சா நான் மணி அடிக்கேலாது."

கதிரைக்கு முன்னால் ஒரு கோப்பைத் தண்ணீரும் மூன்று பேரீச்சம்பழமும் இருந்தன. அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

"நோன்பைத் திறவுங்க முத்தலிப்," என்றார் சுவாமி. "பிறகு உப்புச் சரியோ எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க, இவ்வளவு பேரும் மத்தியானந் தொட்டு அதுக்குத்தான் காத்துக்கொண்டு இருக்கிறம்!"