பழைய முறைக்கு முப்பத்தெட்டு

டீட்டர் கரும்பலகையில் மூன்றாவது எண்ணையும் எழுதி முடித்தபோது வத்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைதான் வந்திருக்க வேண்டும்.

பழைய முறைக்கு முப்பத்தெட்டு. வத்சலாவின் திட்டத்துக்கு முப்பத்தொன்று. சந்திரமௌலியின் திட்டத்துக்கு இருபத்தொன்பது.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு மாணவர் விடுதி. 1973, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். விடுதித் தலைவரை இனி எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கான வாக்கெடுப்பு அது.

பழைய முறையில் ஆளுக்கு ஒரு பெயர்தான் எழுதலாம். யாருக்கு அதிகமோ அவர் தலைவர். டீட்டர் மூன்று வருடமாக அப்படித்தான் ஜெயித்து வந்தான். அவனை எதிர்த்து எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். மிச்ச வாக்குகளை அவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

டீட்டர் கெட்டவன் இல்லை. எதிலும் ஒழுங்கு வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான். பொதுச் சமையலறையை இரவு எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும் என்பது அவன் போட்ட விதி. வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வத்சலா திரும்பி வருவதற்குள் பூட்டு தொங்கும். ஒரு குளிர்காலம் முழுக்க ராத்திரிக்கு அவள் காய்ந்த ரொட்டிதான் சாப்பிட்டாள்.

போய்க் கேட்டபோது, பெரும்பாலானவர்கள் விரும்பித்தானே தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றான். மனதார நம்பித்தான் சொன்னான்.

அன்றைக்கே பிரச்சாரம் தொடங்கிவிட்டது. வத்சலா, உலோகவியல் படித்த சந்திரமௌலி, மூன்றாம் மாடியில் இருந்த ஊட்டே என்ற ஜெர்மன் பெண். மூன்று பேரும் கதவு கதவாகத் தட்டிப் புது முறை ஒன்றை விளக்கினார்கள்.

வாக்குச் சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உங்கள் விருப்பத்தை வரிசையாகப் போடுங்கள். உங்கள் முதல் ஆள் கடைசியாக வந்து வெளியேறினால், உங்கள் வாக்கு இரண்டாவது ஆளுக்குப் போய்விடும். வீணாகாது. பாதிக்கு மேல் வாங்குபவர்தான் தலைவர்.

புரியாதவர்களுக்காகப் பட்டாணி சூப், தக்காளி சூப், ரசம் மூன்றையும் வைத்து ஒரு மாதிரித் தேர்தல்கூட நடத்தினார்கள். ரசத்துக்கு இரண்டே வாக்கு. போட்டவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசி வாரத்தில்தான் தகராறு வந்தது.

எல்லாப் பெயருக்கும் கட்டாயம் எண் போட வேண்டும் என்றாள் வத்சலா. பிடித்த பெயருக்கு மட்டும் போட்டால் போதும் என்றான் சந்திரமௌலி. ஊட்டே இருவரிடமும் கெஞ்சிப் பார்த்தாள். இருவரும் இறங்கி வரவில்லை. ஆளுக்கொரு திட்டமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ஊட்டே மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பழைய முறைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"நம்மள நாமளே தோற்கடிச்சுட்டோம், வத்சலா. டெக்ஸ்ட்புக் எக்ஸாம்பிள்!" என்றான் சந்திரமௌலி. அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டீட்டர் மட்டும் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தபடி நின்றான். பிறகு கீழிரண்டு எண்களையும் கூட்டி, அறுபது என்று எழுதினான்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் மெதுவாகத் திரும்பினான்.

"அப்படியானால், மூன்று வருடமும் நான் ஜெயித்தது இப்படித்தானா?"

அவனுடைய காது மடல்கள் சிவந்துபோயின.

வத்சலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இவனை இறக்கத்தான் இத்தனை கதவுகளைத் தட்டினாள். இப்போது இவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

டீட்டர் பலகையைத் துடைத்தான். மறுவாக்கெடுப்பு நடத்தத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்றான். மூன்று திட்டங்களுக்கும் எல்லோரும் விருப்ப வரிசை போட வேண்டும், இப்போதே. கைதட்டியவர்கள் கூச்சல் போட்டார்கள். விதியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, சீட்டுகளை அவனே விநியோகித்தான்.

சந்திரமௌலியின் திட்டம் முதலில் வெளியேறியது. அதன் வாக்குகள் ஏறக்குறைய அப்படியே வத்சலாவின் திட்டத்துக்கு வந்து சேர்ந்தன. சந்திரமௌலியே எழுந்து நின்று விசிலடித்தான்.

அடுத்த மாதம் புது முறையில் தலைவர் தேர்தல் நடந்தது. டீட்டர், ஊட்டே, சந்திரமௌலி என மூன்று பேர் நின்றார்கள். சமையலறை பதினொரு மணிவரை திறந்திருக்கும் என்று மூன்று பேருமே வாக்குறுதி கொடுத்ததால், பிரச்சாரத்தில் சண்டை போட விஷயமே இல்லாமல் போயிற்று.

முதல் எண்ணிக்கையில் சந்திரமௌலி முந்தினான். ஊட்டே கடைசியாக வந்து வெளியேறினாள். அவளுடைய சீட்டுகளைப் பிரித்து எண்ணியபோது டீட்டர் பாதியைத் தாண்டிவிட்டான்.

நான்காவது முறையாகத் தலைவர். இந்த முறை நிஜமாகவே.

மறுநாள் காலை, பல்கலைக்கழகத்துக்குப் போகும் டிராமுக்காக நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். மெல்லிய தூறல். வத்சலாவும் சந்திரமௌலியும் ஒரே குடைக்குள். டீட்டர் வந்து பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, நீ எனக்கு வாக்களித்தாயா என்று வத்சலாவிடம் கேட்டான்.

முதலிடம் ஊட்டேவுக்கு என்றாள் அவள். இரண்டாவது உனக்கு.

டீட்டரின் முகம் மலர்ந்துவிட்டது. நன்றி என்றான். ஏதோ பரிசு வாங்கியவன் போல, தூறலில் நனைந்துகொண்டு அப்படியே நின்றான்.

குடைக்குள் சந்திரமௌலி விரல்விட்டு எண்ணினான். ஊட்டே ஒன்று, டீட்டர் இரண்டு. மறுபடியும் எண்ணினான். பிறகு மெதுவாக வத்சலாவின் பக்கம் திரும்பினான்.

வத்சலா குடைக்கு வெளியே தலையை நீட்டி, இன்னும் வராத டிராமை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.