தேறாத டிவி

யாரோ பார்த்துக் கழித்து, ஜெபசெல்வி வீட்டில் வாங்கிய டிவி, அதுவும் நின்றுபோய், பழவேற்காட்டில் பிரதாப்பின் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தது. அவன் திருகாணியைக் கழற்றக் கழற்ற, எதிரே நின்ற ஜெபசெல்விக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஒரு ஒயர்தாங்க்கா. அஞ்சே நிமிஷம்."

"ஐயோ, வாணாம்! தேறாது, தூக்கிப் போட்டுடுன்னு எங்க அத்தைகிட்ட சொல்லிடுப்பா." வெளியே ஆட்டோவில் இருந்த மாமியாரைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "எங்க வீட்டுக்காரர் கடலுக்கு மீன் புடிக்கப் போன போட்டு ரெண்டு நாளா காணலையாம், போன் வந்திச்சு. நியூஸ்ல பாத்தா அத்தைக்கு நெஞ்சு தாங்காது. கர்த்தர் கிருபை, காலையில இதுவே நின்னுடுச்சு."

பிரதாப் ஒயரைப் பார்த்தான். கத்தியால் அறுத்த வெட்டு.

குமட்டிக்கொண்டு ஜெபசெல்வி குழாயடிக்கு ஓடியதும், மாமியார் இறங்கி வந்தாள்.

"நைனா, ரிப்பேர் பண்ணிடாத. வலை அறுக்கிற கத்தியால நான்தான் அறுத்தேன். எம்புள்ள போன போட்டு காணலைன்னு மீன் ஏலத்துல பேசிக்கினாங்க. வாயும் வயிறுமா இருக்கறவ, பாத்தா தாங்குவாளா?"

ஜெபசெல்வி திரும்பி வந்தாள். இருவரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"தேறாதுங்க. தூக்கிப் போட்டுடுங்க."

"போனா போவுது அத்தை."

"ஆமாம்மா, பழசுதானே."

கடை டிவியில் செய்தி தொடங்கியது. பிரதாப் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான்.